இறால் ஓட்டுப் பொடி சாயக்கழிவுநீரைத் தெளிய வைக்குமா?

கேள்வி: திருப்பூர் பக்கம் சிறிய சாயப்பட்டறை நடத்துகிறேன். ஆலமும் (படிகாரம்) சுண்ணாம்பும் போட்டுக் கசடு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. தூத்துக்குடியிலிருந்து இறால் ஓடு வாங்கி, காயவைத்து அரைத்துப் போட்டால் நிறம் இறங்குமா?

பதில்: வெறும் ஓட்டுப் பொடியை நம்பி இறங்க வேண்டாம். ஓட்டிலுள்ள சுண்ணாம்பையும் புரதத்தையும் நீக்கினால் மிஞ்சுவது கைட்டின். அதை 40–50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கிடைப்பது கைட்டோசான். சாயத்தைப் பிடிப்பது இதுதான். பட்டறையிலேயே தயாரித்தால் அமிலமும் காரமுமாக இன்னொரு கழிவுநீர் சேரும். கைட்டோசானாகவே வாங்குங்கள்.

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும். அமிலத்தன்மையில் கைட்டோசான் நேர்மின்னேற்றம் பெறும். இரண்டும் ஒட்டித் திரண்டு கீழே படியும். ஆனால் உங்களுடையது சோடா ஆஷ் என்ற காரம் கலந்த தண்ணீர், பிஎச் (அமில-கார அளவு) 10-ஐத் தொடும். 6.5-ஐத் தாண்டினாலே கைட்டோசானின் ஏற்றம் குறைந்துவிடும். மொத்தத் தண்ணீருக்கும் அமிலம் ஊற்றினால் செலவோடு டிடிஎஸ்ஸும் (கரைந்த உப்பின் அளவு) ஏறும். அதனால் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும் பயாலஜிக்கல் தொட்டிக்கு அப்புறம் போட்டுப் பாருங்கள். அங்கே பிஎச் ஓரளவு இறங்கியிருக்கும், கொஞ்சம் அமிலமே போதும்.

முதலில் ஜார் டெஸ்ட், அதாவது பீக்கர்களில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்க்கும் சோதனை. கைட்டோசான் வெறும் தண்ணீரில் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மில்லி அசிட்டிக் அமிலம் விட்டு, 10 கிராம் பொடியைத் தூவி, கொழகொழவென்று கரையும்வரை கலக்குங்கள். இந்தக் கரைசல் 1 மில்லி, ஒரு லிட்டர் கழிவுநீரில் 10 மில்லிகிராம் கணக்கு. ஆறு பீக்கரில் பிஎச்சை 5–6க்குக் கொண்டுவந்து 2, 4, 6 மில்லி என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு நிமிடம் வேகமாக, பிறகு 15 நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் விடுங்கள். எந்தப் பீக்கரில் திரள் பெரிதாக விழுந்து மேல்நீர் தெளிகிறதோ அதுதான் உங்கள் அளவு. ஷேடு மாறினால் அளவும் மாறும். கறுப்புக்கு எடுத்ததை வெளிர் நிறத்துக்குப் போடாதீர்கள்.

கசடு குறைய நல்ல வாய்ப்பிருக்கிறது. ஆனாலும் அது சாயக் கசடுதான், எருக்குழிக்குப் போகக் கூடாது. கரைந்த உப்பைக் கைட்டோசான் தொடாது, ஆர்ஓ (சவ்வால் உப்பைப் பிரிக்கும் வடிகட்டி) இருந்தே ஆக வேண்டும். அளவு மிஞ்சினால் திரண்டது திரும்பக் கலங்கும். மிச்சக் கைட்டோசான் ஆர்ஓ சவ்வில் படிந்து அடைக்கும். அளவைக் கொஞ்சம் குறைவாகவே வைத்து, மணல் வடிகட்டிக்குப் பின்னால் கலங்கலைத் தினமும் பாருங்கள்.