மாட்டுக் கொட்டகைச் சுவருக்கு நெளி தகர ஷீட் அடிக்கும்போது ஸ்க்ரூவை மேட்டில் அடிக்கணுமா, பள்ளத்திலா?

சுவருன்னா பள்ளத்துல. கூரைன்னாதான் மேட்டுல. இந்த ஒரு விஷயத்துக்காக எங்க மொட்டை மாடியில நின்னு வாதாடினவ நான், அதனாலதான் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துட்டேன்.

நீங்க ஷீட்டை இறக்கிட்டீங்க, வேலைக்கு வர்றவர் ஒண்ணு சொல்றார், கடைக்காரர் வேற சொல்றார், அதான் இங்க கேக்குறீங்கன்னு எடுத்துக்கறேன்.

கூரையில மழைத்தண்ணி பள்ளத்துலதான் ஓடும். அங்க ஓட்டை போட்டா ஒழுகும், அதனால மேட்டுல அடிக்கிறாங்க. சுவர்ல தண்ணி எங்கயும் தேங்காது, நேரா வழிஞ்சு கீழ போயிடும். ஆனா சுவருக்குக் காத்து இருக்கு. பள்ளம்தான் ஷீட்டைத் தாங்குற குறுக்குப் பைப்போட ஒட்டி உட்காரும். அங்க அடிச்சா ஷீட்டும் பைப்பும் ஒண்ணாயிடும். மேட்டுல அடிச்சா ஷீட்டுக்கும் பைப்புக்கும் நடுவுல வெறும் இடம்தான். முறுக்க முறுக்க மேடு நசுங்கும், வாஷர் சாய்ஞ்சு உட்காரும். அப்புறம் ஆடிக் காத்துல ஷீட் ஆட ஆட ஓட்டை பெருசாகிக்கிட்டே போகும்.

செல்லூர்ல எங்க வீட்டு மாடியில தையல் யூனிட் போட்டப்ப மூணு பக்கம் கலர் ஷீட் சுவர் வச்சோம். வந்தவர் முதல் ஷீட்டை நிறுத்தினதும் மேட்டுல டிரில்லை வச்சார். "அண்ணே, சுவருக்குப் பள்ளத்துல அடிங்க"ன்னேன். "எல்லா இடத்துலயும் இப்படித்தாம்மா அடிக்கிறோம்"னார். எங்க அப்பா ஷெட் வேலை பார்த்தவர். ஸ்க்ரூ டப்பாவைத் தூக்கிக்கிட்டு அவர் பின்னாடியே திரிஞ்ச பொண்ணு நான். காரணத்தைச் சொன்னேன். வேலைக்கு வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி எங்க வீட்டுக்காரர்கிட்ட, "சார், நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டார். யூனிட் என் பேர்ல, காசு என் காசு, விலை பேசி அட்வான்ஸ் குடுத்தது நான். எங்க வீட்டுக்காரருக்கு ஸ்பேனர் எதுன்னே தெரியாது, அவரும் அதைத்தான் சொன்னார். ஷீட் வேலைன்னு இல்ல. மெஷின் ரிப்பேர், கரண்ட் வேலை, பேங்க் எதுவானாலும் கேள்வி நம்மகிட்ட இருந்து போகுது, பதில் பக்கத்துல நிக்கிற ஆம்பளைக்குப் போகுது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனா சொல்லாம விட மனசு வரல.

கடைசியில பள்ளத்துலதான் அடிச்சார். ரெண்டு ஆடி தாண்டியாச்சு, ஒரு ஷீட்கூடத் தடதடக்கல.

உங்களுக்கு வேண்டிய மத்த விவரம். 5.5 மி.மீ. கனம், 25 மி.மீ. நீளம் உள்ள, தானே ஓட்டை போட்டு இறங்குற செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போதும், பள்ளத்துக்கு நீளமானது தேவையில்லை. கறுப்பு ரப்பர் வாஷர் கட்டாயம். வாஷரோட ரப்பர் விளிம்புல மயிரிழை அளவு வெளிய பிதுங்கினதும் நிறுத்திடணும். அதுக்கு மேல முறுக்கினா ரப்பர் வெடிச்சுடும், வாஷர் போட்டும் பிரயோஜனம் இல்லை. சுத்தியல்ல தட்டி இறக்குறவங்களை வேலைக்கே சேர்க்காதீங்க. குறுக்குப் பைப் மூணுல இருந்து நாலு அடிக்கு ஒண்ணு. ஸ்க்ரூ, மேல் வரிசையிலயும் அடி வரிசையிலயும் எல்லாப் பள்ளத்துலயும், நடு வரிசைகள்ல ஒண்ணு விட்டு ஒண்ணு. மேற்கு மூலையில மட்டும் நான் விடாம எல்லாத்துலயும் அடிக்கச் சொன்னேன். ரெண்டு ஷீட் ஏறி உட்கார்ற இடத்துல மட்டும் மேட்டுல சின்ன ஸ்க்ரூ வரும். அது ஷீட்டோட ஷீட்டைப் பிடிக்கிறது, பைப்புக்குப் போறது இல்ல. அதைப் பார்த்துட்டு "நீங்களே மேட்டுல அடிச்சிருக்கீங்களே"ன்னு யாரும் வரவேண்டாம்.

முதல் ஷீட்டைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து நிறுத்துங்க. அது ஒரு நூல் சாய்ஞ்சா கடைசி ஷீட் படிக்கட்டு மாதிரி ஏறி நிக்கும். வடக்கு, தெற்குச் சுவருக்கு மேற்கு முனையில ஆரம்பிச்சு கிழக்கே போங்க. அடுத்த ஷீட் முந்தின ஷீட் மேல ஏறணும். ஐப்பசி மழை வடகிழக்குல இருந்து அடிக்கும்; இப்படிப் போட்டா இணைப்போட வாய் மழைக்கு முதுகு காட்டும். கோடை மழை மேற்குல இருந்தும் வருமேன்னு கேப்பீங்க. வரும். அதுக்குத்தான் இணைப்புக்குள்ள சீலன்ட் டேப் ஒட்டுறது. ரெண்டு காத்துக்கும் ஒரே திசை பொருந்தாது, அதிக மழை எதுலயோ அதைப் பார்த்தேன்.

ஷீட்டைக் கட்டிங் வீல் வச்சு அறுக்க விடாதீங்க. தெறிக்கிற பொறி பெயின்ட்டுல பதிஞ்சு, ஒரு மழைக்கே பழுப்புப் புள்ளியா வந்துடும். தகரக் கத்தரி இருக்கு, கஷ்டம்தான், ஆனா அதுதான் சரி. மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் பேப்பரை ஸ்க்ரூ அடிக்கிறதுக்கு முன்னாடியே உரிச்சுடுங்க. வெயில்ல காஞ்சா உரியாது, வாஷருக்கு அடியிலயும் மாட்டிக்கும்.

மாட்டுக் கொட்டகைங்கிறதால ஒண்ணு. தரையில இருந்தே ஷீட் வேண்டாம். மாட்டு மூத்திரமும் சாணியும் பட்டா அடியில அரிச்சுக்கிட்டே ஏறும், மாடு உரசினா நெளியும். மூணு அடிக்கு ஹாலோ பிளாக் கட்டி, அதுக்கு மேல ஷீட். ஷீட்டோட அடி, கட்டுச்சுவருக்கு வெளிப்பக்கமா நாலு அங்குலம் இறங்கி நிக்கட்டும், ஈர சிமெண்ட்ல படாம. மேல காத்துப் போக இடம் விடுங்க; மேற்கு வெயில்ல தகரத்துக்குப் பின்னாடி மாடு நிக்க முடியாது.

ஏற்கெனவே மேட்டுல அடிச்சுட்டாங்கன்னா ஷீட்டைக் கழட்ட வேண்டாம். பக்கத்துப் பள்ளத்துல புது ஸ்க்ரூ அடிச்சுட்டு, பழைய ஓட்டையை அதே ஸ்க்ரூவால, நசுங்காத அளவுக்கு லேசா மூடி, சிலிக்கான் வச்சா போதும். கூலி கேப்பாங்க, குடுத்துடுங்க.