கேம் கேள்வி பதில்: ரேவன்ஹோமில் தோட்டா தீர்ந்தால் என்ன செய்வது?

ஹாஃப்-லைஃப் 2 விளையாட்டை வால்வ் நிறுவனம் 2004 நவம்பர் 16 அன்று வெளியிட்டது. 2024 நவம்பரில், 20 ஆண்டு நிறைவை ஒட்டி அதைப் புதுப்பித்தபோது எபிசோட் ஒன்று, எபிசோட் இரண்டு ஆகிய தொடர்ச்சிகளையும் அதனுடனேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் இப்போது பலர் இதை முதல் முறையாக ஆடுகிறார்கள். வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில். கதை முடிச்சுகளை அவிழ்க்காமல், வழி மட்டும் சொல்கிறோம்.

கேள்வி: என்னிடம் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்தான் இருக்கிறது. ஓடுமா? முதல் பாகத்தை ஆடாமல் இரண்டாவதைத் தொடங்கலாமா?

ஓடும். வெளியான நாளில் இதன் குறைந்தபட்சத் தேவை 1.2 கிகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 256 எம்பி ரேமும்தான். கடந்த பத்து ஆண்டுகளில் வந்த எந்த லேப்டாப்பின் உள்ளமைந்த கிராஃபிக்ஸும் இதைத் தாங்கும். திணறினால் முதலில் ஆன்டி-அலியாசிங்கை (ஓரங்களை வழுவழுப்பாக்கும் அமைப்பு) குறையுங்கள், அடுத்து நிழல் தரம். திரையின் ரெசல்யூஷனைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

கதை புரிய, கார்டன் ஃப்ரீமேன் என்ற இயற்பியலாளர் பிளாக் மேசா ஆய்வுக்கூட விபத்திலிருந்து தப்பியவர் என்பது தெரிந்தால் போதும். பொறுமை இருந்தால் 1998-ல் வந்த முதல் பாகத்தையோ, ரசிகர் குழு ஒன்று புதிதாகக் கட்டி 2020-ல் முழுமையாக வெளியிட்ட பிளாக் மேசாவையோ முதலில் ஆடுங்கள். ஆனால் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் விளையாட்டை எபிசோட் இரண்டுக்கு முன்னால் தொடாதீர்கள். கதைப்படி அது முன்னால் நடப்பது. ஆனாலும் அதன் முடிவு, எபிசோட் இரண்டின் முடிவைத் தெரிந்தவர்களுக்காகவே எழுதப்பட்டது.

கேள்வி: படகு ஓட்டும் பகுதி வந்ததும் தலை சுற்றுகிறது. அரை மணி நேரம்கூட ஆட முடியவில்லை.

பலருக்கும் இருக்கும் தொல்லைதான். காரணம் பெரும்பாலும் பார்வைக் கோணம். இந்த விளையாட்டில் அது தொடக்கத்தில் 75 டிகிரியாக இருக்கும். அந்தக் காலத்தில் திரை சற்றுத் தள்ளி இருக்கும் என்று நினைத்து வைத்த அளவு அது. லேப்டாப்பை முகத்துக்கு அருகில் வைத்து ஆடும்போது, குழாய்க்குள் பார்ப்பதுபோல் காட்சி குறுகிக் கண்ணும் உடலும் முரண்படுகின்றன. அமைப்புகளில் அதை 90-க்கு உயர்த்துங்கள், தேவைப்பட்டால் 100. அசையும்போது காட்சியை மங்கலாக்கும் மோஷன் பிளரை அணையுங்கள். அறையில் விளக்கு எரியட்டும். படகில் போகும்போது மவுஸை இடம் வலமாகச் சுழற்றாமல், போகும் திசையையே பார்த்து ஓட்டுங்கள். குமட்டல் தொடங்கிவிட்டால் நிறுத்திவிடுங்கள். தாங்கிக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்பது உண்மையில்லை, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரும்.

கேள்வி: அதே கால்வாயில் ஒரு சாய்வுப் பலகை தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கிறது. படகு தாண்ட மறுக்கிறது. எவ்வளவு வேகமாக வந்தாலும் முட்டி நிற்கிறது.

வேகத்தில் தீராது. படகை விட்டு இறங்கி, பலகைக்கு அடியில் நீந்திப் பாருங்கள். கூண்டு போன்ற இடம் இருக்கும். சுற்றிலும் மிதக்கும் நீல பிளாஸ்டிக் பீப்பாய்களை ஒவ்வொன்றாக இழுத்து வந்து அதற்குள் விடுங்கள். அவை மேலே எழும்பப் பார்க்கும், பலகையும் கூடவே எழும். பிறகு ஏறிக் குதிக்கலாம். கனமான பொருளை ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கத்தை உயர்த்தும் இடங்களும் வரும். சீசா பலகையில் சிமென்ட் கல் அடுக்குவதும் அந்த வகைதான்.

இந்த விளையாட்டில் வழி அடைத்திருந்தால், திறக்கும் பொருள் அநேகமாக உங்கள் கண்ணெதிரிலேயே கிடக்கும். எடை, மிதப்பு, நெம்புகோல் என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கேள்வி: ரேவன்ஹோமில் தோட்டா முழுக்கத் தீர்ந்துவிட்டது. சேவ் செய்த இடமும் நடுத்தெருவில். முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் போகவும் முடியவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். ஜாம்பிகள் நிறைந்த ரேவன்ஹோம், தோட்டா இல்லாமலே முடிக்கக்கூடிய ஊர். பொருள்களை இழுத்துப் பிடித்து எறியும் கிராவிட்டி கன்னை மட்டும் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைத் தாண்டினால் தனியாக ஒரு சாதனைப் பதக்கமே தருகிறார்கள். முந்தைய அத்தியாயத்தில் தோழி அலிக்ஸ் அந்தக் கருவியைக் கையில் கொடுத்து, டாக் என்ற இயந்திரத்தோடு பந்து விளையாட வைத்ததற்குக் காரணமும் இதுதான். அங்கே ஆபத்தில்லாமல் கற்றதை இங்கே உயிரைக் காக்கப் பயன்படுத்த வேண்டும்.

ஜி விசையை அழுத்தினால் கிராவிட்டி கன் உடனே கைக்கு வரும். மவுஸின் வலது பொத்தான் பொருளை இழுத்துப் பிடிக்கும், மறுபடி அழுத்தினால் கீழே விடும். இடது பொத்தான் வீசி எறியும்.

ஊரில் கிடக்கும் வட்ட ரம்பத் தகடுகள்தான் உங்கள் முதல் ஆயுதம். ஜாம்பிகளை நேர் வரிசையில் வரவிட்டு, இடுப்பு உயரத்தில் எறியுங்கள். ஒரே வீச்சில் இரண்டு மூன்று விழும். தகடு சுவரில் குத்தி நிற்கும். அதை அங்கேயே விட்டுப் போவதுதான் பலரும் செய்யும் தவறு. வலது பொத்தானால் இழுத்து, அடுத்த தெருவுக்கும் கையோடு கொண்டுபோங்கள். கதவில் இடித்தால் சற்றுக் குனிந்து, தகட்டைத் திருப்பி நுழையுங்கள்.

சிவப்பு பீப்பாய்களும் கேஸ் சிலிண்டர்களும் கூட்டத்துக்கு. வெடிக்க வைக்கத் தோட்டா செலவழிக்காதீர்கள், எறிந்தாலே போதும். ஆனால் மிக அருகில் எறிந்தால் உங்களையும் சேர்த்துக்கொள்ளும். இந்த ஊரில் இருக்கும் பாதிரியார் ஃபாதர் கிரிகோரி அமைத்து வைத்திருக்கும் பொறிகளைத் தேடுங்கள். சுழலும் கத்திகள், தொங்கும் கார், எரிவாயுவும் நெருப்பும் என்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பொறியை இயக்கிவிட்டு, ஜாம்பிகள் அதைக் கடந்து உங்களை நோக்கி வரும்படி மறுபக்கம் நின்றுகொண்டால் வேலை தானாக முடியும்.

வேகமாகப் பாயும் ஜாம்பிகளுக்கு மட்டும் தகடு அவ்வளவு சரிவராது, குறி தப்பும். அவை மழைநீர்க் குழாய் வழியாக மாடிக்கு ஏறி வரும், குழாய் கடகடவென்று ஆடும் சத்தம் முன்னாலேயே கேட்கும். குழாய் எந்தப் பக்கம் என்று பார்த்து, தலை மேலே தெரிந்ததும் கனமான எதையாவது எறியுங்கள். ரேடியேட்டர், மேசை எதுவானாலும் சரி, பிடித்திருக்கும்வரை அது கேடயமாகவும் இருக்கும். கிரிகோரி தூக்கிப்போடும் ஷாட்கன் கிடைத்ததும் அதன் குண்டுகளை இவற்றுக்கென்றே ஒதுக்குங்கள். வலது பொத்தான் இரண்டு குண்டுகளைச் சேர்த்துச் சுடும்.

மரப்பெட்டி கண்ட இடத்திலெல்லாம் உடையுங்கள். பல பெட்டிகள், உங்களிடம் எது மிகக் குறைவோ அதைத் தருமாறு அமைக்கப்பட்டவை. வறண்டு கிடக்கும்போதுதான் அவை அதிகம் உதவும்.

கேள்வி: கறுப்பு ஹெட்கிராப் (தலையைக் குறிவைத்துப் பாயும் சிறு உயிரி) ஒன்று கடித்ததும் உயிர் 1 ஆகிவிடுகிறது. கவசம் 100 இருந்தும் பயனில்லை. உடனே மருந்துப் பெட்டி எடுக்க வேண்டுமா?

எடுக்காதீர்கள். அதன் விஷம் கவசத்தைத் தாண்டிப் போகும், உயிரை 1-க்கு இறக்கும். ஆனால் அந்தக் கடி மட்டும் உங்களைக் கொல்லாது. உங்கள் உடையே மாற்று மருந்து செலுத்தி, இழந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். கடிபடும் முன் 100 இருந்தால் 100 வரும், 40 இருந்தால் 40-தான் வரும். அதனால் மருந்துப் பெட்டி தரும் 25 புள்ளிகளை ஏற்றம் முடிந்த பிறகு எடுத்தால்தான் வீணாகாது.

ஆபத்து அந்தச் சில நொடிகளில்தான். பக்கத்தில் வேறு எது இருந்தாலும் ஒரே அடியில் முடிந்துவிடும். ஆகவே விஷ ஜாம்பியைத் தூரத்திலேயே கவனியுங்கள். அது முதுகில் மூன்று கறுப்பு ஹெட்கிராப்களைச் சுமந்து வந்து ஒவ்வொன்றாக எறியும். அதன் உயிர் 175 புள்ளிகள், சாதாரண ஜாம்பிக்கு 50. அறையில் வேறு ஜாம்பி இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு இதனிடம் வாருங்கள்.

கேள்வி: பாலத்தில் வரும் கன்ஷிப் (பறந்து தாக்கும் எதிரி) நான் விடும் எல்லா ராக்கெட்டையும் சுட்டு வீழ்த்திவிடுகிறது!

நேராகக் குறிவைத்தால் அப்படித்தான் நடக்கும். ராக்கெட் உங்கள் லேசர் புள்ளியைப் பின்தொடர்ந்து போகக்கூடியது, அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். கன்ஷிப்பை விட்டு நன்றாகப் பக்கவாட்டிலோ மேலேயோ குறிவைத்துச் சுடுங்கள். ராக்கெட் அதன் உயரத்துக்குப் போனதும் புள்ளியைச் சட்டென்று கன்ஷிப் மேல் கொண்டுவாருங்கள். திரும்பிச் சுட அதற்கு நேரம் இருக்காது. ராக்கெட் வெடிக்கும்வரை புள்ளியை எடுக்காதீர்கள், ஆயுதத்தையும் மாற்றாதீர்கள். ஒன்று வெடிக்காமல் அடுத்ததைச் சுட முடியாது என்பதால் அவசரப்பட்டுப் பயனில்லை. கையில் மூன்று ராக்கெட்தான் நிற்கும். ராக்கெட் பெட்டி இருக்கும் இடத்தை முதலிலேயே பார்த்துவைத்து, அதை ஒட்டியே நின்று போராடுங்கள்.

கேள்வி: மணலில் கால் வைத்தாலே பூச்சிகள் கிளம்புகின்றன. கொன்றாலும் தீரவில்லை.

ஆன்ட்லயன்கள் தீரவே தீராது, கொல்வது தோட்டாவுக்கு நஷ்டம். பாறைக்குப் பாறை தாவுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் பலகை, தகரம், மரப்பெட்டி எதையாவது கிராவிட்டி கன்னால் மணல்மேல் போட்டு அதில் நடங்கள், பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். தரையை இடிக்கும் தம்பர் இயந்திரத்தைக் கண்டால் இ விசையால் இயக்குங்கள், அதைச் சுற்றி அவை வராது. மாட்டிக்கொண்டால் கிராவிட்டி கன்னை வெறுமனே சுட்டாலே ஆன்ட்லயன் மல்லாந்து விழும், ஓட நேரம் கிடைக்கும்.

பெரிய காவல் ஆன்ட்லயனின் உயிர் 500. அது தலையைத் தாழ்த்தி ஓடிவரும்போது கடைசி நொடியில் பக்கவாட்டில் விலகி, முதுகில் சுடுங்கள். அதை வென்றபின் கிடைக்கும் பக்பெய்ட் என்ற, எறியக்கூடிய வாசனைப் பொருளால் சின்ன ஆன்ட்லயன்கள் உங்கள் படையாகிவிடும். எறிந்த இடத்துக்கு ஓடித் தாக்கும், எத்தனை முறை எறிந்தாலும் தீராது. நோவா ப்ராஸ்பெக்ட் சிறையில் காவல் துப்பாக்கிக் கூடுகள் வந்தால் நீங்கள் முன்னால் போகவே தேவையில்லை. ஆனால் காவல் ஆன்ட்லயன் மட்டும் பக்பெய்ட்டுக்கு மயங்காது.

கேள்வி: நோவா ப்ராஸ்பெக்டில் அலிக்ஸ் வரும்வரை தாக்குப்பிடிக்கும் இடத்தில் என் டரட்டுகள் (தானாகச் சுடும் துப்பாக்கிகள்) விழுந்துகொண்டே இருக்கின்றன.

கதவுக்கு நேர் எதிரே வைத்திருப்பீர்கள். அங்கே வைத்தால் ஓடிவரும் வீரன் இடித்தே தள்ளிவிடுவான். கதவிலிருந்து சாய்வாக, சுவர் மூலையில் முதுகு ஒட்டும்படி வையுங்கள். ஒன்று பார்க்கும் இடத்தை இன்னொன்றும் பார்க்க வேண்டும். டரட்டுக்குத் தோட்டா தீராது, கவிழ்வதுதான் அதன் ஒரே பலவீனம். பெரும்பாலும் கவிழ்ப்பது கையெறி குண்டு. அதனால் நீங்கள் சுட்டுக்கொண்டிருப்பதைவிட, கிராவிட்டி கன்னோடு நடுவில் நின்று, உருண்டு வரும் குண்டுகளைப் பிடித்துத் திருப்பி எறிவதும், விழுந்த டரட்டை நிமிர்த்துவதும்தான் உங்கள் வேலை.

கேள்வி: நல்ல தோட்டாக்களைக் கடைசிச் சண்டைக்காகச் சேமித்து வைத்திருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. சேமிக்கவே முடியாதபடி எல்லை வைத்திருக்கிறார்கள். துப்பாக்கிக்குள் இருப்பது போக, பல்ஸ் ரைஃபிளுக்குக் கையிருப்பு 60, மேக்னத்துக்கு 12, குறுக்குவில்லுக்கு 10 அம்பு. கையெறி குண்டு மொத்தம் ஐந்து. நிரம்பிய பிறகு வழியில் கிடப்பதை எடுக்க முடியாமல் விட்டுத்தான் போவீர்கள். இதைவிட முக்கியமான ஒன்று: சிட்டடல் கோபுரத்துக்குள் நுழைந்ததும் கிராவிட்டி கன் தவிர மற்ற எல்லா ஆயுதமும் பறிபோகும். அதன்பின் கிராவிட்டி கன் நீல நிறமாகி, வீரர்களையே தூக்கி எறியும் பலம் பெறும். ஆகவே ஸ்ட்ரைடர்கள் என்ற மூன்று கால் ராட்சத எதிரிகள் வரும் ஃபாலோ ஃப்ரீமேன் அத்தியாயத்தில் எல்லாவற்றையும் செலவழித்துவிடுங்கள்.

ஸ்ட்ரைடரைத் துப்பாக்கித் தோட்டா ஒன்றும் செய்யாது, வெடிக்கும் ஆயுதம் வேண்டும். அதன் பெரிய பீரங்கி சுடும் முன் ஒரு நீலக் கீற்று நீண்டு, காட்சி உள்ளிழுக்கப்படுவதுபோல் நெளியும். அப்போது சுவருக்குப் பின்னால் பதுங்குவதைவிட அந்த இடத்தை விட்டே ஓடுவது மேல்.

கேள்வி: விரைவு சேவ் செய்தது குண்டு வெடிக்கும் நொடியில். ஏற்றினால் உடனே செத்துப்போகிறேன்.

எஃப் 6 சேவ், எஃப் 9 ஏற்றல் என்ற பழக்கத்தை மட்டும் நம்பினால் இப்படி ஆகும். மெனுவில் சேவ் பட்டியலைத் திறந்து, விளையாட்டு தானாகச் செய்த சேவ்களைப் பாருங்கள். புதிய பகுதியின் தொடக்கத்தில் ஒன்று நிச்சயம் இருக்கும். இனி ஒவ்வொரு பெரிய அறைக்கு முன்னாலும் மெனு வழியாகத் தனிப் பெயரில் ஒரு சேவ் வையுங்கள். எஃப் 6 அழுத்தும் முன், கையிலிருக்கும் துப்பாக்கியில் தோட்டா நிரப்பியிருக்கிறதா, உயிர் 30-க்கு மேல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.