கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்: ஊர்த்தொழில் வளர்ச்சி வேலையில் இருப்பவர்களின் கேள்விகள்

1998-ல் சென்னிமலைப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளரா இந்த வேலைக்கு வந்தேன். அப்புறம் ஈரோடு, கரூர், திருப்பூர்னு கிளஸ்டர் வேலை (ஒரே தொழில் செய்யற சிறு யூனிட்டுகள் கூடியிருக்கிற இடம்தான் கிளஸ்டர், குழுமம்னும் சொல்லுவாங்க), சங்கச் செயலக வேலை, உழவர்களே பங்கு போட்டு நடத்தற உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கைகொடுக்கிற வேலை. புதுசா வர பிள்ளைகள் பலர் தனியாத் தவிக்கிறதைப் பார்க்கிறேன். யாரைத் தெரிஞ்சு வைக்கணும், எங்கே போய்க் கத்துக்கணும்னு அவங்களுக்குச் சொல்ல ஆளில்லை. அதுக்காகத்தான் ஒரு மத்தியானத்தை ஒதுக்கி, நீங்க இங்கே எழுதற கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

கேள்வி (காங்கேயம்): தேங்காய் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சி.இ.ஓ.வாச் சேர்ந்து எட்டு மாசம் ஆச்சுங்க அக்கா. கொப்பரை வியாபாரி, எண்ணெய் மில்காரர்னு ஒருத்தரும் உட்காரச் சொல்லிப் பேச மாட்டேங்கிறாங்க. தொடர்பை எப்படிப் பிடிக்கிறது?

தம்பி, மில்காரரைப் பார்க்கப் போறப்ப என்ன கொண்டுபோனீங்க? விசிட்டிங் கார்டும் நிறுவனத்தோட நோட்டீஸும்தான்னு நினைக்கிறேன். அது ரெண்டும் அவருக்குப் பயன்படாது. அவர் தெரிஞ்சுக்க நினைக்கிறது மூணு விஷயம். உங்க உறுப்பினர்கள் எந்த மாசம் எத்தனை டன் கொப்பரை தருவாங்க, அதில் ஈரப்பதம் எவ்வளவு, பூஞ்சை எவ்வளவு. இதைச் சொல்ல முடிஞ்சா அடுத்த தடவை நாற்காலி தானா வரும்.

அதனால இப்படிச் செய்யுங்க. இருபது உறுப்பினர் களத்தில் மாதிரி எடுங்க. ஈரம் பார்க்கிற மீட்டர் இல்லைன்னா ஒண்ணு கடன் வாங்குங்க. பெருந்துறை, அவல்பூந்துறைப் பக்கம் ஏலத்தில் என்ன விலை போச்சுன்னு ரெண்டு மாசம் ஒரு நோட்டில் எழுதுங்க. அதோட போய் உட்காருங்க. அன்னைக்கு எதையும் கேட்காதீங்க. அவர் "இந்த ஈரத்துக்கு நான் எடுக்க மாட்டேன்"னு சொன்னா அதை எழுதிட்டு வாங்க, களத்தில் ஒரு மாற்றம் பண்ணுங்க, பதினஞ்சு நாளில் திரும்பப் போய் "நீங்க சொன்னதைச் செஞ்சோம், இப்ப பாருங்க"ன்னு காட்டுங்க. முதல் தடவை எல்லாரும் போவாங்க. ரெண்டாவது தடவை போறவங்களைத்தான் அவர் ஞாபகம் வைப்பார்.

இன்னொண்ணு. மத்திய அரசோட 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனத் திட்டத்தில் வந்தவங்கன்னா, நிர்வாகச் செலவுக்குக் கிடைக்கிறது மூணு வருஷத்துக்கு அதிகபட்சம் 18 லட்சம். அதுக்குள்ள இந்தத் தொடர்புகள் வியாபாரமா மாறணும். மூணாவது வருஷம் தொடங்கறப்பதான் தேட ஆரம்பிச்சா உங்க சம்பளமே நிக்கும்.

கேள்வி (கோபி): இந்தத் துறையில் எந்த சர்டிபிகேட் கோர்ஸ் நல்லதுங்க?

ஐதராபாத்தில் சிறுதொழில் பயிற்சிக்கான மத்திய அரசு நிறுவனம் (ni-msme) இருக்கு, 1960-ல் டெல்லியில் தொடங்கி 1962-ல் ஐதராபாத்துக்கு வந்தது. குழும மேம்பாட்டுக்குன்னே பயிற்சி நடத்துறாங்க. அகமதாபாத்தில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கு. போகலாம். பாடத்தைவிட உங்களோட பக்கத்தில் உட்கார்ந்த ஒடிசாக்காரர், ராஜஸ்தான்காரர் நம்பர்தான் பத்து வருஷம் கழிச்சும் உதவும். அதை வாங்காம வராதீங்க.

கேள்வி (தாராபுரம்): சொந்தமா நிட்டிங் யூனிட் போட மானியக் கடன் கிடைக்குமாங்க?

இது வேற கேள்வி. உங்க மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்க. இடைத்தரகர் யாருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க.

கேள்வி (கோவை): பம்பு உதிரிபாகம் செய்யற சிறு பட்டறைகளோட சங்கத்தில் வேலை. மாசக் கூட்டம் போட்டா எல்லாரும் வந்து டீ குடிச்சிட்டு, மின்கட்டணம் பேசிட்டுப் போயிடறாங்க. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் கத்துக்கிற மாதிரி எப்படி மாத்தறது?

நல்ல கேள்வி. ரொம்ப நாளா யாராவது கேட்க மாட்டாங்களான்னு இருந்தேன்.

பக்கத்துப் பட்டறைக்காரர் போட்டியாளர். அவர் முன்னாடி "எனக்கு வார்ப்பில் இவ்வளவு கழிவு போகுது"ன்னு எவர் சொல்லுவார்? சொல்ல மாட்டார், அது இயல்பு. இதுக்கு விடை உங்க ஊரிலேயே இருக்கு. அவிநாசி ரோட்டில் 1956-ல் தொடங்கின தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், அதாங்க சிட்ரா. நூல் மில்கள் தங்களோட உற்பத்தித்திறன், கழிவு, செலவுக் கணக்கை அங்கே கொடுக்கும். மில் பேர் வெளியே தெரியாம ஒப்பிட்டு அறிக்கை வரும். ஒரு மில் முதலாளி அதைப் பார்த்து "நம்மளைவிட அவனுக்கு ஏன் கழிவு கம்மி"ன்னு தூக்கம் கெட்டுப் போவார். அவர் ரகசியம் வெளியே போகலை, பாடம் மட்டும் வந்திருச்சு.

அதையே சின்னதாப் பண்ணுங்க. எட்டுப் பட்டறை போதும். நாலே நாலு எண் கேளுங்க: மாசத்தில் ரிஜெக்ஷன் எத்தனை சதவீதம், ஒரு கிலோ வார்ப்புக்கு எத்தனை யூனிட் கரண்ட், ஆள் வராத நாள், வசூலாக எத்தனை நாள். நீங்க மட்டும் பேர் தெரிஞ்சு வாங்குங்க, தாளில் அ, ஆ, இ, ஈன்னு போட்டுக் கொடுங்க. மூணாவது மாசம் "இந்த 'ஆ' யாருங்க, ரிஜெக்ஷன் இவ்வளவு கம்மியா?"ன்னு கேட்பாங்க. நாலாவது மாசம் அந்த 'ஆ'வே வாயைத் திறப்பார், பெருமை இருக்குமில்ல. நான் ஈரோட்டுப் பக்கம் விசைத்தறிக்காரங்ககிட்ட இதைச் செஞ்சப்ப அஞ்சாவது மாசம்தான் வாய் திறந்தாங்க. பொறுத்தா போதும்.

ஒரே எச்சரிக்கை: ஒருத்தர் எண் ஒரே ஒரு தடவை உங்க வாயால வெளியே போனா அதோட முடிஞ்சது. அதை மீட்க வழியே கிடையாது.

கேள்வி (நாமக்கல்): ஆன்லைன் சர்டிபிகேட் மதிப்பு இருக்குமாங்க?

மேலே கோபிக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (சோமனூர்): மனசு நொந்து எழுதறேங்க அக்கா. நெட்வொர்க்னு பெரிய வார்த்தை சொல்றீங்க. நம்ம பக்கம் அது சொந்தபந்தம்தானே? மாமன், மச்சான், பங்காளி, குலதெய்வக் கோயில். அதுக்குள்ள இல்லாதவனுக்கு எந்தக் கதவு திறக்கும்?

இதுக்கு நான் பதில் எழுதறதுக்குள்ள நாலு பேர் குதிச்சிட்டாங்க. திருப்பூர்க்காரர் ஒருத்தர், "காட்டை வித்து, ராப்பகலா மிஷின் மேல படுத்து உழைச்சு வந்த ஊர் இது, சாதிக் கணக்கு போடாதீங்க"ன்னு கோவிச்சுக்கிட்டார். கரூர்க்காரர், "உழைச்சவங்க எல்லாரும் முதலாளி ஆனாங்களா?"ன்னு திருப்பிக் கேட்டார். ரெண்டு பேர் கேள்வியும் நியாயம். கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

உழைப்பு உண்மை. நேத்து கட்டிங் மேசையில் நின்னவர் இன்னைக்கு கம்பெனி வெச்சிருக்கிறதை என் கண்ணால பார்த்திருக்கேன். ஆனா அந்த மனுஷனுக்கு முதல் மாச நூல் கடனுக்குக் கிடைச்சது யாரால? பெரும்பாலும் சொந்தக்காரரோட சொல்லால. உழைப்பு இருந்தும் அந்தச் சொல் கிடைக்காம கடைசி வரைக்கும் காஜா பட்டன் மிஷினிலேயே இருந்தவங்களையும் பார்த்திருக்கேன். அதில் பெண்கள் அதிகம், காலனிப் பிள்ளைகள் அதிகம். சோமனூர்த் தம்பி சொல்றதில் வலி இருக்கு. அதை யாரும் மூடி மறைக்கக் கூடாது.

ஆனா இந்தத் தொழில் சொந்தபந்தத்துக்குள்ளேயே பிறந்து வளரலை. 1920-களில் கல்கத்தா போய்ப் பார்த்துட்டு வந்த குலாம் காதர் பின்னல் எந்திரம் வெச்சதில் இருந்துதான் திருப்பூர் பனியன் கதையே தொடங்குது. வெளியூர் போய்ப் பார்த்தது, திரும்பி வந்து செஞ்சது, அவ்வளவுதான். 1978-ல் வெரோனாங்கிற இத்தாலிக்காரர் மும்பை வியாபாரிகள் மூலமா வெள்ளை டீ-ஷர்ட் தேடி வந்தார். ஏற்றுமதிக்கு வழி திறந்தது அதில். இவங்க ரெண்டு பேரும் யாருக்கு மாமன், யாருக்கு மச்சான்? ஊருக்குள்ள சொந்தம் வேகமா ஓடவெச்சது. புதுசு வந்தது வெளியிலிருந்து.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப இது இன்னும் நல்லாத் தெரிஞ்சது. சாயக்கழிவால நொய்யல் ஆறு அழிஞ்சது நம்ம எல்லார் கண்ணுக்கும் முன்னாடி. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள விவசாயிகள் வருஷக்கணக்கில் கோர்ட் ஏறினாங்க. பங்காளி உறவு எதுவும் அன்னைக்கு உதவலை. போட்டியாளர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒண்ணா உட்கார்ந்து, யார் எத்தனை லிட்டர் விடலாம்னு கணக்கெழுதி, கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத முறைக்கு மாற வேண்டியிருந்தது. ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ், ஆவியாக்கிகள், உப்பைப் பிரிச்சுத் திரும்ப எடுக்கிறதுன்னு படிச்சுக் கத்துக்கிட்டாங்க. பிடிக்காதவன்கூடவும் உட்கார வைக்கிற தொடர்புதான் நம்ம வேலைக்குத் தேவை.

இன்னும் ஒண்ணு, நம்ம ஆட்கள் எப்பவும் மறக்கிறது. 1984-ல் பஞ்சப்படிக்காக, அதாவது விலைவாசி ஏறறதுக்கு ஏத்த மாதிரி சேர்த்துக் கொடுக்கிற சம்பளத்துக்காக, திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஒப்பந்தப் பேச்சில் முதலாளிகள் சங்கத்துக்காரங்களும் தொழிற்சங்கக்காரங்களும் எதிரெதிரே உட்கார்ந்து பழகினவங்க. அந்தத் தொழிற்சங்கக்காரர் நம்பர் உங்க போனில் இருக்கா? முதலாளிகள் பேர் மட்டும் வெச்சிக்கிட்டு உள்ளூர்ப் பொருளாதாரம் பேசறவங்களுக்குப் பாதி ஊர் தெரியாது. ஒடிசா, பீகார் பிள்ளைகள் தங்கியிருக்கிற லைன் வீட்டுக்கு ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?

சோமனூர்த் தம்பி, உங்களுக்குத் தனியா ஒரு வழி சொல்றேன். நூல் வாங்கிக் கூலிக்கு நெய்யற கூலித்தறிக்காரரும், நூல் கொடுக்கிற ஜவுளி உற்பத்தியாளரும் போடற கூலி ஒப்பந்தத்தைப் பழசிலிருந்து வரிசையாச் சேருங்க. எந்த ரகத்துக்கு எந்த வருஷம் என்ன கூலி, நூல் விலை என்ன, கரண்ட் கட்டணம் என்னன்னு ஒரே தாளில் போடுங்க. அந்தத் தாள் ரெண்டு தரப்புக்கும் வேணும். தாள் வெச்சிருக்கிறவர் எந்த வீட்டுப் பிள்ளைன்னு பேச்சுவார்த்தை அறையில் யாரும் கேட்க மாட்டாங்க.

கேள்வி (பல்லடம்): அக்கா, நான் பொண்ணு. முக்கியமான பேச்செல்லாம் ராத்திரி ஓட்டலில், கிளப்பில்தான் நடக்குது. அங்கே எப்படிப் போறது?

போக வேண்டாம் கண்ணு. நானும் போனதில்லை. காலை ஏழரைக்கு பட்டறை திறக்கிற நேரம் போங்க. முதலாளி தனியா இருப்பார், போன் வந்திருக்காது, பத்து நிமிஷம் நிதானமாப் பேசுவார். கணக்கு எழுதற அக்காக்கள், மெர்ச்சண்டைசர் பிள்ளைகள், மகளிர் குழுத் தலைவிகள், கணவர் கம்பெனியில் சம்பளம் பட்டுவாடா பண்ற அம்மாக்கள், இவங்களை ஒரு வட்டமாச் சேருங்க. எந்தக் கம்பெனி திணறுதுன்னு முதலாளிக்கு முன்னாடி இவங்களுக்குத் தெரியும். சேர்ந்ததும் எனக்குச் சொல்லுங்க, நானும் வர்றேன்.

கேள்வி (பெருந்துறை): லோன் விஷயமா யாரைப் பார்க்கணும்?

மாவட்டத் தொழில் மையம். இது ரெண்டாவது லோன் கேள்வி, தயவுசெஞ்சு மேலே படிச்சிட்டு எழுதுங்க.

கேள்வி (சேலம்): மத்த ஊர்த் தொழிலைப் பார்த்துக் கத்துக்கட்டும்னு, பார்வைப் பயணமா பஸ் பிடிச்சு உறுப்பினர்களைக் கூட்டிட்டுப் போறோம். கோயில் பார்த்துட்டு வந்துடறாங்க. பயன் இருக்கா?

நாற்பது பேரைக் கூட்டிட்டுப் போனா கோயில்தான். ஆறு பேர் போங்க. ஒவ்வொருத்தர் கையிலும் ஒரே ஒரு கேள்வி கொடுங்க. உங்க ஊரிலேயே சேகோசர்வ் இருக்கே. ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்கள் 1981-ல் கூட்டுறவாச் சேர்ந்து, சரக்கை ஒரே இடத்தில் வெச்சு டெண்டரில் விற்கிறாங்க. தர சோதனை எப்படி, முன்பணம் எப்படி, சங்கத்துக்கு வெளியே விற்கிற உறுப்பினரை என்ன பண்றாங்க, இப்படி ஆளுக்கு ஒண்ணு. வந்ததும் ஒரு வாரத்துக்குள்ள அந்த ஆறு பேரும் மத்தவங்களுக்குச் சொல்லணும். அப்புறம் பார்த்த இடத்துக்குப் போன் பண்ணி, என்ன செஞ்சோம்னு சொல்லணும். திரும்பப் பேசாத பயணம் பஸ் வாடகை நஷ்டம்.

கேள்வி (பவானி): எல்லா யூனிட்டும் சேர்ந்து மிஷினைப் பயன்படுத்தற பொது வசதி மையத்துக்குத் திட்ட அறிக்கை தயாரா இருக்கு. ஒரு கன்சல்டன்ட் வேற ஊருக்குப் போட்ட பழைய அறிக்கை ஒண்ணை மாதிரிக்குக் கொடுத்தார், அதை வெச்சே எழுதினது. அனுப்பலாமா?

அந்த மாதிரியைத் தூக்கிப் போடுங்க. ஊர் பேரை மட்டும் மாத்தின அறிக்கையில் என்ன நடக்கும்னு நான் பார்த்தவ. நான் வேலை பார்த்த ஒரு ஊரில் கட்டடம் எழும்புச்சு, மிஷின் வந்துச்சு, ரெண்டு வருஷம் பூட்டியே கிடந்தது. யூனிட் ஒண்ணுக்கு என்ன கட்டணம், யார் முதலில் ஓட்டறதுன்னு உறுப்பினர்கள் ஒருநாளும் ஒண்ணா உட்கார்ந்து பேசியிருக்கலை. அந்த ஊர் அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கு. இன்னைக்கும் அந்த வழியா பஸ்ஸில் போனா மனசு கனக்குது. முதலில் நாலு பேர் சேர்ந்து ஒரு லோடு நூல் வாங்கிப் பிரிச்சுப் பாருங்க. சண்டை வராம ஆறு மாசம் ஓடினா அப்புறம் கட்டடம்.

கேள்வி (அந்தியூர்): லிங்க்ட்இன்னில் இருக்கணுமாங்க?

வெளிநாட்டு வாங்குபவர்கள், நன்கொடை அமைப்புகளோட வேலைன்னா வைங்க. அந்தியூர்ச் சந்தைக்கு நேரில் போங்க.

கேள்வி (சோமனூர்): அக்கா, அந்தத் தாளைப் போட ஆரம்பிச்சுட்டேன். 2014-லிருந்துதான் ஒப்பந்த நகல் கிடைச்சிருக்கு. வியாழக்கிழமை வந்து காட்டட்டுமா?

வாங்க தம்பி. காலையிலேயே வாங்க. பழசு ரெண்டு மூணு என்கிட்ட பெட்டியில் இருக்கு, தேடி எடுத்து வைக்கிறேன்.