1872-க்கும் 1881-க்கும் இடையில் வங்காளத்தின் பாக்கர்கஞ்ச் மாவட்டத்தின் (இன்றைய வங்காளதேசத்தின் பரிசால் பகுதி) மக்கள்தொகை பல லட்சம் குறைந்ததற்கு 1876 புயல்தான் காரணமா?

பெரும்பகுதிக்குப் புயல் காரணமல்ல. நீங்கள் ஏதோ பாடக்குறிப்புக்காக இவ்விரு ஆண்டுகளின் கணக்கெடுப்பு எண்களையும் அடுத்தடுத்து வைத்திருப்பீர்கள் என நினைக்கிறேன். முதுகலை ஆய்வேட்டில் நானும் அதையே செய்து, வித்தியாசம் முழுவதையும் புயலின் பெயரில் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒன்றுதான் கேட்டார்: "மாதாரிப்பூர் எங்கே போயிற்று?" எனக்குப் பதில் தெரியவில்லை.

மாதாரிப்பூர் உட்கோட்டம் 1870-களின் தொடக்கத்தில் பாக்கர்கஞ்சிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபரித்பூர் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. அங்கிருந்த மக்கள் சாகவில்லை. வேறு மாவட்டத்தின் கணக்கில் ஏறினார்கள். வரைவை மூன்று முறை படித்துக் கையெழுத்திட்ட என் நெறியாளரும் இதைக் கவனிக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

புயலைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1876 அக்டோபர் 31 இரவு மேக்னா ஆற்றின் முகத்துவாரத்தில் எழுந்த கடல் அலை, தக்கின் ஷாபாஸ்பூர் (இன்றைய போலா), ஹாத்தியா, சந்திவீப் தீவுகளை மூழ்கடித்தது. நவகாளி, சிட்டகாங் பகுதிகளையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நீரில் இறந்தனர் என்றும், பின்வந்த காலராவிலும் பிற நோய்களிலும் கிட்டத்தட்ட அதே அளவினர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. மேடு என்று சொல்ல ஒரு குன்றும் இல்லாத, ஓடைகளால் துண்டாடப்பட்ட அந்த வண்டல் நிலத்தில் வீடுகள் தெருவாக நெருங்கி நிற்பதில்லை; குளம் வெட்டிய மண்ணைக் குவித்து உயர்த்திய மேடைகளில், பாக்கு மரங்களுக்கும் மூங்கில் புதர்களுக்கும் நடுவே, தனித்தனியாகச் சிதறியிருக்கும். ஆண்டுதோறும் வரும் வெள்ளத்துக்கு அந்த உயரம் போதும். கடல் எழுந்தால் போதாது.

எல்லை மாற்றத்தைச் சரிசெய்து கணக்கிட்டால் 1872-இல் சுமார் 18.9 லட்சம், 1881-இல் சுமார் 19 லட்சம். சுந்தரவனக் காட்டை அழித்து நெல் வயலாக்கிக்கொண்டிருந்த, பரிசாலிலிருந்து கல்கத்தாவுக்கு அரிசி ஏற்றுமதி செய்த மாவட்டத்தில், ஒன்பது ஆண்டுகளில் தொகை ஏறக்குறைய அசையாமல் நின்றதுதான் புயலின் தடயம். அடுத்த கணக்கெடுப்பில் அது 21.5 லட்சத்தைத் தாண்டியது, 1901-இல் 22,91,752. என் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் மட்டும் திருத்தத்துக்குத் திரும்பி வந்தது.