படகு செய்ய எந்த ப்ளைவுட் வாங்குவது?

கேள்வி: நோர்வூட் பக்கம், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குக் கிட்ட இருக்கிறோம். மகனும் நானும் லீவு நாட்களில் மீன் பிடிக்க, இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்னப் படகு ஒன்றை ப்ளைவுட்டில் செய்ய யோசிக்கிறோம். ஒரு கடையில் 'வோட்டர் புரூப்' என்று ஒரு பலகையைக் காட்டினார்கள். இன்னொரு கடையில் 'மரைன்' என்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை சொன்னார்கள். எதை வாங்குவது?

பதில்: 'வோட்டர் புரூப்' என்ற வாய்ப்பேச்சை நம்பி வாங்காதீர்கள். பலகையில் 'எம்.ஆர்.' என்று அடித்திருந்தால், அது வீட்டுக்குள் இருக்கும் ஈரப்பதத்தை மட்டும் தாங்கும் அலுமாரிப் பலகை. உங்களுக்கு வேண்டியது கொதிநீரைத் தாங்கும் பசை போட்டது, 'பி.டபிள்யூ.பி.' அல்லது 'டபிள்யூ.பி.பி.' என்று இருக்கும். மரைன் பலகையிலும் இதே வகைப் பசைதான். அதற்கு மேல், உள் அடுக்குகளில் ஓட்டை இல்லாமல் நல்ல மரம் போட்டிருப்பார்கள். கடலில் வருடக்கணக்காகக் கிடக்கப்போகும் படகுக்கு அது வேண்டும். மீன் பிடித்துவிட்டுத் தூக்கிவந்து கூரைக்குள் கவிழ்த்து வைக்கும் படகுக்கு, நல்ல பி.டபிள்யூ.பி. பலகை போதும்.

ஆனால் முத்திரையை யாரும் அடிக்கலாம். அதனால் கடையில் உள்ளங்கை அளவு வெட்டுத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். முதலில் அதன் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். நடு அடுக்கில் கறையான் போன வழி மாதிரி இடைவெளி தெரிந்தால், தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே ஓடும். அப்புறம் பழைய சட்டி ஒன்றில் போட்டு மூன்று நான்கு மணி நேரம் கொதிக்க விடுங்கள். காயவைத்து, கத்தி முனையால் அடுக்குகளுக்கு நடுவே நெம்புங்கள். மட்டமான பசை என்றால் பராட்டா மாதிரி இதழ் இதழாகக் கழன்று வரும். நல்லது என்றால் பசை விடாது, மரநார்தான் பிய்யும். கடை மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

8 அடிக்கு 4 அடி, 6 மில்லிமீற்றர் பலகை இரண்டு போதும். பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் ரெசினும் (ஹார்ட்னர் என்ற திரவம் கலந்தால் இறுகும் பசை) ஃபைபர் துணியும் ஒட்டும் முறைக்குப் பெரிய மரவேலைத் திறமை தேவையில்லை.

பலகையில் மிச்சம் பிடித்த காசை எபொக்சி ரெசினில் போடுங்கள். மலிவாகக் கிடைக்கும் பொலியெஸ்டர் ரெசின் மரத்தில் அவ்வளவாகப் பிடிக்காது, நாளாக உரிந்துவிடும். வெட்டிய விளிம்பு, ஆணித் துளை எல்லாவற்றுக்கும் எபொக்சி ஊட்டுங்கள். ப்ளைவுட் உளுத்துப்போவது பெரும்பாலும் விளிம்பிலிருந்துதான். நம்முடைய குளிரில் எபொக்சி மெதுவாகத்தான் இறுகும். அவசரப்பட்டு ஹார்ட்னரைக் கூட்டினால் கடைசிவரை சரியாக இறுகாது. டின்னில் போட்ட அளவை மாற்றாதீர்கள். மே மாதம் தொடங்கும் பெருமழைக்கு முன், பெப்ரவரி, மார்ச்சில் வேலையை முடித்துவிடுவது நல்லது.

அடிப்பக்கத்துக்கு ஃபைபர் துணி இன்னொரு சுற்று ஒட்டுங்கள். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிகிறதே, நீர்த்தேக்கங்களின் அடியில் என்னென்ன கிடக்கும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

ஆசனங்களுக்கு அடியில் மூடி இறுக்கிய வெறும் 1.5 லீட்டர் சோடாப் போத்தல்களை வலை போட்டுக் கட்டுங்கள். படகு நிரம்பினாலும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவைத் தாங்கும். உயிர்காப்பு அங்கி இரண்டு வாங்குவதில் மட்டும் தயவுசெய்து காசு மிச்சம் பிடிக்காதீர்கள். படகை இறக்கும் முன் அணைக்கட்டு அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள்.

கேள்வி: படகு செய்ய என்று சொல்லித்தான் பலகை வாங்கினேன். இரண்டாவது மாதமே அடுக்கு விட்டுவிட்டது. பில்லில் 'ப்ளைவுட் 2' என்று மட்டும் இருக்கிறது. கடைக்காரர் கையை விரிக்கிறார்.

பதில்: உடனே எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பில்லின் பிரதி, பலகையில் உள்ள முத்திரையின் படம், அடுக்கு விட்ட இடத்தின் படம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். 1977 என்ற இலக்கத்தில் பேசி விவரம் கேட்கலாம். பிய்ந்த பலகையை அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள், விசாரணையில் அதைக் காட்டச் சொல்வார்கள். அடுத்த தடவை காசு கொடுக்கும் முன், தரத்தின் பெயரையும் பலகையின் தடிப்பையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.