எடிட்டர் மொழியை யூகிக்கும்போது யார் சொல்லை முதலில் கேட்க வேண்டும்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். சொந்தமாக ஒரு சின்ன டெக்ஸ்ட் எடிட்டர் செய்துவருகிறேன். புதுச்சேரியில் படிக்கும் நண்பர் தன் ப்ரோலாக் நிரல்மொழி ஃபைலைத் திறந்தால், எடிட்டர் அதைப் பெர்ல் என்ற வேறொரு நிரல்மொழி என்று நினைத்து, அதற்கேற்பச் சொற்களுக்கு வண்ணம் போட்டுவிடுகிறது. எந்த வரிசையில் யூகிப்பது சரி?

பதில்: நண்பரின் ஃபைல் பெயர் ‘.பிஎல்’ என்று முடிந்திருக்கும். பெர்லுக்கும் ப்ரோலாகுக்கும் அதே வால்தான், பிறகு எடிட்டர் என்ன செய்யும்? ‘.எச்’ என்றால் சி, சி++, அப்ஜெக்டிவ்-சி மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், ‘.எம்’ மேட்லேபுக்கும் உண்டு, அப்ஜெக்டிவ்-சிக்கும் உண்டு. அதனால் பெயரின் வாலை முதலில் பார்க்காதீர்கள்.

முதலில், பயன்படுத்துபவர் மெனுவில் கையால் தேர்ந்தெடுத்த மொழி. அதை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது, சேமித்து மூடித் திறந்தாலும் அப்படியே இருக்க வேண்டும். அடுத்தது ஃபைலுக்குள்ளேயே எழுதியவர் விட்டுப்போன குறிப்பு; விம் என்ற எடிட்டர் வழக்கமாக முதல் 5 வரியிலும் கடைசி 5 வரியிலும் இதைத் தேடும். ஆனால் அதிலிருந்து மொழியின் பெயரை மட்டும் எடுங்கள், வேறெந்தக் கட்டளையையும் ஏற்காதீர்கள்: 2019இல் விம்மில் இதே வழியாக, ஃபைலைத் திறந்த உடனே கட்டளை ஓடிவிடும் ஓட்டை ஒன்று வெளிவந்தது. அப்புறம் ‘மேக்ஃபைல்’, ‘டாக்கர்ஃபைல்’ போன்ற, வாலே இல்லாத முழு ஃபைல் பெயர்கள், அதற்குப் பிறகு முதல் வரியில் ‘#!’, அதாவது ஃபைலை ஓட்ட வேண்டிய நிரலின் பாதையைச் சொல்லும் குறி. இதில் பலர் சறுக்குகிறார்கள். பாதையின் கடைசிச் சொல் ‘என்வ்’ என்றால் மொழி அதுவல்ல, அதற்கு அடுத்து வரும் சொல்தான். ஃபைலின் தலையில் யுடிஎஃப்-8 எழுத்துமுறையைக் காட்டும் பிஓஎம் என்ற 3 பைட் ஒட்டியிருந்தால் ‘#!’ முதலில் வராது, அதை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் வால். வால் இரண்டு மொழிக்குப் பொதுவென்றால் மட்டும் உள்ளே படிக்கலாம், அதுவும் முதல் சில கிலோபைட் போதும். ப்ரோலாகில் ‘:-’ வரும், பெர்லில் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ வரும். ஆனால் பெர்ல் எழுதியவர் கமெண்டில், அதாவது ‘#’ போட்டு எழுதும் குறிப்பில், ‘:-)’ என்று சிரித்து வைத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள், ஆகவே ஒரு வரியில் ‘#’க்குப் பிறகு வருவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எதுவும் பொருந்தாவிட்டால் வண்ணமில்லாத வெறும் உரையாகவே காட்டுங்கள், தப்பான வண்ணத்தை விட அது எவ்வளவோ மேல். டைப் செய்துகொண்டிருக்கும்போது நடுவில் மறுபடி யூகிக்கவே வேண்டாம், எழுதுகிறவரின் கண் எதிரில் திரை முழுக்க நிறம் மாறினால் வேலை கெடும். நண்பரின் ஃபைலில் ‘:-’ சோதனையை மட்டும் இன்றைக்கே சேர்த்துப் பாருங்கள், பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.