துண்டு போட்ட நாற்காலி

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் மாநில அரசின் தலைவரான கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் எங்கள் வர்ஜீனியாவில் கவர்னராக இருப்பவர் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது. நான்காண்டு முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். வேலை பிடிபடவே ஒரு வருடம் போய்விடுகிறது. நல்லவரென்றால் மறுபடி தேர்ந்தெடுக்க எங்களுக்கு உரிமை வேண்டாமா? வரம்பே தேவையில்லை என்று எனக்குப் படுகிறது.

கே., ரிச்மண்ட்

அன்புள்ள கே.,

பாதி ஒப்புக்கொள்கிறேன். 50 மாநிலங்களில் இந்தத் தடை இன்று உங்கள் ஊரில் மட்டும்தான். அதிலும் ஒரு முறை விட்டு மறுமுறை நிற்கலாம். மில்ஸ் காட்வின் 1965-இல் டெமாக்ரட்டாக வென்றார், 1973-இல் ரிபப்ளிகனாகத் திரும்பினார். அப்படித் திரும்ப வழி இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அலபாமாவிலும் முன்பு இதே தடை. நிறப் பாகுபாடு வேண்டும் என்று மேடையில் முழங்கிய அன்றைய கவர்னர் ஜார்ஜ் வாலஸால் 1966-இல் நிற்க முடியவில்லை. சட்டத்தைத் திருத்தப் பார்த்தார், மாநில செனட்டில் நடக்கவில்லை. மனைவி லர்லீனை நிறுத்தினார். துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான்.

லர்லீனுக்கு முந்தைய ஆண்டுதான் கருப்பைப் புற்றுநோய் என்று தெரிந்திருந்தது. 1961-இலேயே மருத்துவருக்குச் சந்தேகம் வந்து கணவரிடம் சொல்லியிருக்கிறார். லர்லீனிடம் யாரும் சொல்லவில்லை. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அறுவை சிகிச்சை முடிந்த கையோடு பிரச்சாரம், பெரும் வெற்றி. ஆளப்போவது யார் என்பதை அவர்கள் மறைக்கவேயில்லை.

பதவியேற்ற அடுத்த மாதம் டஸ்கலூசாவில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பார்ட்லோ அரசு இல்லத்துக்குப் போனார். ஒரு சிறுமி ‘அம்மா, அம்மா’ என்று கட்டிக்கொள்ள வந்தாள். லர்லீன் அழுதுவிட்டார். பிறகு மனநல நிலையங்களுக்குப் பணம் கேட்டு சட்டமன்றத்தை விடாமல் நெருக்கினார். தன் பேரிலேயே ஆண்டிருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பாரோ! 1968 மே மாதம் இறந்தார். வயது 41.

அதே ஆண்டு, தொடர்ந்து இருமுறை இருக்கலாம் என்று சட்டம் மாறியது. வாலஸ் 1970, 1974, 1982 என்று மூன்று முறை வென்றார்.

அதனால் மிஷிகன் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. கவர்னரோ அட்டர்னி ஜெனரலோ, 1992-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த விதிப்படி வாழ்நாளில் இரண்டே முறை. உங்கள் நல்லவருக்கு எட்டு ஆண்டு கிடைக்கும். மனைவியை நிறுத்துவதை இதுவும் தடுக்காது, உண்மைதான். ஆனால் திரும்பி வரவே முடியாதவர் எதற்குத் துண்டு போடப்போகிறார்?

வர்ஜீனியாவில் அரசியலமைப்புத் திருத்தம் சட்டமன்றத்தில் இருமுறை நிறைவேற வேண்டும்; நடுவில் ஒரு தேர்தல், கடைசியில் மக்கள் வாக்கு. நேரம் இருக்கிறது. உங்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதும்போது ‘வாழ்நாளில்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.